மாட்டுக்கு முன்னால் ருசி பார்த்தவர்

அவர் வாயில் வைத்துப் பார்க்காத எதுவும் அவருடைய மாட்டின் வாய்க்குள் போனதில்லை. தவிடோ, புண்ணாக்கோ, வீட்டுக்கு வீடு வாங்கி வரும் கழுநீரோ, எதுவானாலும் முதலில் அவர் நாக்கில் படும். பிறகுதான் செவலைக்கு.

நாங்கள் கவரைப்பேட்டைக்குக் குடிவந்த மறுநாள், பால் கேட்பதற்காக எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு அம்மாள், தண்ணீர்த் தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து, கடலைப் புண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். நான் பால் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். "பாவங்க, மாட்டுத் தீனியைத் தின்கிற அளவுக்குக் கஷ்டம் போலிருக்கு" என்று என் கணவரிடம் சொன்னேன். புதுவாயல் போகும் வழியில் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்த நெல் வயலில் ஒரு பங்கு அவர்கள் குடும்பத்துடையது என்று பிறகுதான் தெரிந்தது.

தெருவில் எல்லோரும் அவரைப் பெரிம்மா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தார். காலை ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுவதும் நானும் கைக்குழந்தையும்தான். மஞ்சள்காமாலை வந்து எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. டப்பா மாவுப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் கக்கினாள். தோள்பட்டை எலும்பு கையில் குத்தும். பொன்னேரி டாக்டர் பசும்பால் கொடுக்கச் சொன்னார். கொடுத்தால் ஒரே மாட்டுப் பாலாகக் கொடுக்க வேண்டும், மாட்டை மாற்றினால் வயிறு கெட்டுவிடும் என்று என் அம்மா சொன்னார். தெருவிலும் அதையே சொன்னார்கள். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அதை மீறிப் பார்க்கத் தைரியம் இல்லை. செவலையின் பால் அவளுக்கு ஒத்துக்கொண்டது. அதிலிருந்து, என் மகளின் உயிர் எதிர்வீட்டுக் கொட்டகையில் ஒரு முளையில் கட்டியிருப்பது போலத் தோன்றும். செவலை இருமினால் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன்.

அரிசி கழுவிய நீரை வாசலில் ஒரு பானையில் ஊற்றி வைப்போம். பெரிம்மா குடத்தோடு வருவார். ஒவ்வொரு பானையிலும் விரலை விட்டு நாக்கில் வைப்பார். யார் வீட்டில் நேற்றுப் புளிக்குழம்பு, யார் வீட்டு மருமகள் உப்பை அள்ளிக் கொட்டுகிறவள் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் என் பானையில் விரலை விட்டவர் தூவென்று துப்பினார்.

"இன்னாமே, சோப்பு வாட அடிக்குது. இன்னாத்த கழுவன இதுல?"

"குழந்தையோட பால் புட்டி, பெரிம்மா. தெரியாம ஊத்திட்டேன்."

"புட்டியக் கழுவி மாட்டுக்கு ஊத்திட்டு, அந்த மாட்டுப் பால மறுக்கா புட்டில ஊத்துவியா? நல்லாக் கீதே கத!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே எத்தனை தடவை அப்படி ஊற்றியிருப்பேன் என்று யோசித்து யோசித்து, குழந்தையின் நகத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

எதற்காக இப்படி எல்லாவற்றையும் வாயில் வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவர் பால் கறந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இதுக்கு முன்ன ஒரு மாடு இருந்திச்சி. எங்கூட்டுக்காரரு நெலத்துக்கு எருவுக்குன்னு ஆமணக்கம் புண்ணாக்கு வாங்கியாந்து மூலைல வெச்சிக்கீறாரு. எனக்குச் சொல்ல மறந்துட்டாரு. நா கடலப் புண்ணாக்குன்னு ஊற வெச்சி, ஆசையா வாய்ல ஊட்டி உட்டேன். சாயங்காலம் படுத்திச்சி. எழுந்துக்கவே இல்ல."

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?"

"மாட்டுக்கு அது தெரியுமா? நா குடுத்தேன், அது துன்னுச்சி. அவ்ளோதான்."

சொம்பில் நுரை ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கோடையில் செவலைக்கு ஒரு வினோதமான பழக்கம் வந்தது. கொட்டகைச் சுவரின் சுண்ணாம்பை நக்கியது. மேயப்போன இடத்தில் எங்கிருந்தோ ஒரு எலும்பைப் பொறுக்கி, வாயின் ஓரத்தில் வைத்துக் கடித்தபடியே வந்தது. கொடியில் காய்ந்த குழந்தையின் துணி ஒன்றைக் காணோம் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அதன் மறுமுனை செவலையின் வாயில் தொங்கியது. பெரிம்மா ஓடி வந்து பிடித்து இழுத்தார். பாதிதான் வந்தது.

எலும்பு கடிக்கிற மாடு வீட்டுக்கு ஆகாது, விற்றுவிடு என்று தெருவில் ஒருவர் விடாமல் சொன்னார்கள். நான் சகுனம் பார்க்கிறவள் அல்ல என்று நினைத்திருந்தேன். ஆனாலும் செத்த ஏதோ ஒன்றின் எலும்பைக் கடித்த வாயும், பாதித் துணியை விழுங்கிய வயிறும், அதிலிருந்து வரும் பாலும் என்று மனம் ஓடும். பாலை இரண்டு முறை பொங்க விட்டுக் காய்ச்சினேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்தார். செவலையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். விலா எலும்பைத் தடவினார்.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. உடம்புல சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து எல்லாம் குறைஞ்சுபோச்சு. வெறும் வைக்கோலும் தவிடும் போட்டா எங்கேருந்து வரும்? தினம் பால்ல இறக்கிக் குடுத்துக்கிட்டே இருக்கில்ல? அதான் சுவரையும் எலும்பையும் தேடுது. தாது உப்புன்னு ஒரு தூள் தர்றேன். தினம் ஒரு கை, தவிட்டுல கலந்து வை."

சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு தூளைப் பொட்டலமாகக் கொடுத்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டாக்டர், இது பால்ல வந்துடாதா?"

"வரணும்னுதானேம்மா குடுக்கறது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பெரிம்மா பொட்டலத்தைப் பிரித்து, விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கரிக்குது. அப்பால சுண்ணாம்பு, சாம்பல் மாதிரி இன்னாவோ. நெஞ்ச அடைக்கல." பொட்டலத்தை மறுபடி மடித்துக் கூரை இறவாணத்தில் செருகினார்.

"மாட்டுக்கு வைக்கலையா?"

"இப்பத்தான வாய்ல வெச்சிக்கீறேன்? காலைல நா எழுந்திருச்சா அது துன்னும்."

"நீங்க எழுந்துக்கலைன்னா?"

"அப்ப நீ வந்து, மாட்டுக்கு வெக்காதீங்கன்னு சொல்லு. நா சொல்ல மாட்டேன்ல" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

புதிதாக வரும் எதற்கும் அதுதான் அவருடைய வழக்கம். மறுநாள் விடிந்ததும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எழுந்திருந்தார், வழக்கம்போலச் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். செவலை தூளைத் தவிட்டோடு நக்கித் தின்றது. கொஞ்ச நாளில் சுவரை விட்டது, எலும்பை விட்டது. பால் கெட்டியானது. என் மகளின் கன்னத்தில் சதை வைத்தது. நான் மட்டும், இவ்வளவு நன்றாகப் போகிறதே, எதில் கொண்டுபோய் விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் தூள் தீர்ந்துபோனது. மேலிடத்திலிருந்து வரவில்லை என்றார்கள். செவலை திரும்பவும் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பியது. பால் குறைந்தது. பெரிம்மா வேறு வீடுகளுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கிடைத்ததை எனக்கே கொடுத்தார். "உன் பொண்ணுதான் வேற துன்ன மாட்டா. அவங்கல்லாம் கட்டங்காப்பி குடிக்கட்டும்."

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் வேலை. அக்காவின் மேல் உயிர். அன்று காலையில் நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலுக்காக நின்றிருந்தேன். பெரிம்மா கறந்துகொண்டிருந்தார். தம்பி, இரவு வேலை முடிந்து நேராக அங்கே வந்தார், கையில் ஒரு காகிதப் பையோடு.

"வாடா நைனா. நாஷ்டா துன்னியா?"

"அது கெடக்குது. தூள் இல்ல, தூள் இல்லன்னு மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தியே. இந்தா. எங்க கம்பெனில மூட்ட கிழிஞ்சி தரையெல்லாம் கொட்டிக் கெடக்குதுக்கா. அதே வெள்ள, அதே நைசு. பெருக்கித் தள்ளிகினு கீறானுங்கோ. சும்மா போறத்த நம்ம செவலையாவது துன்னட்டும்னு அள்ளியாந்தேன்."

"யாரக் கேட்ட?"

"யாரக் கேக்கணும்? எனக்குக் கண்ணு தெரில?"

பெரிம்மா கறந்து முடித்து, என் பாத்திரத்தில் பாலை ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் தம்பி ஒரு கை அள்ளித் தொட்டித் தவிட்டில் போட்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பெரிம்மா பைக்குள் விரலை விட்டார்.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா எங்கக்கா" என்று தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "செவலைக்கு ஜாதகம் ஒண்ணுதான் பாக்கல."

பெரிம்மா விரலை நாக்கில் வைத்தார்.

அவர் கத்தவில்லை. முகம் ஒருமாதிரி சுருங்கியது. கையால் வாயைப் பொத்தினார். அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை. தொட்டிப் பக்கம் போனது. செவலை தலையைக் குனிந்துகொண்டிருந்தது. தவிட்டின் மேல் அந்த வெள்ளை தெரிந்தது. அவர் பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து, தொட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். செவலையின் வாயைப் பிளந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, முந்தானையால் நாக்கைத் துடைத்தார். அது மிரண்டு தலையை உதறியதில் கொம்பு அவர் தோளில் இடித்தது. விடவில்லை. மாட்டின் வாயில் ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் தன் வாயிலிருந்ததைத் துப்பினார். சிவப்பாக இருந்தது. உதடு வெந்து வெளுத்துவிட்டிருந்தது.

"ஐயோ அக்கா! துப்புக்கா! துப்பு!" தம்பி குடத்தைத் தூக்கி அவர் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதார். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

பொன்னேரிக்குக் கொண்டுபோக, கல்கத்தா ரோட்டில் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினார்கள். போகும் முன் பெரிம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பேச முடியவில்லை. செவலையைக் காட்டினார். பிறகு என் கண்களைக் காட்டினார். அவருடைய கணவர் வயலிலிருந்து ஓடி வந்து அப்படியே லாரியில் ஏறிவிட்டார். கொட்டகையில் நானும் குழந்தையும் செவலையும் மிஞ்சினோம்.

என் கையிலிருந்த பால் அந்தத் தூள் மாட்டின் வாயருகே வருவதற்கு முன்பே கறந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன். குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினேன். அவள் வீறிட்டு அழுதாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செவலையின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு வாயாவது தின்றிருக்குமா? நக்கியிருக்குமா? வாயோரம் எச்சில் வடிந்தால், எப்போதும் இப்படித்தான் வடியுமா என்று நினைவில்லை. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தால், வேகமாக மூச்சு வாங்குகிறதோ என்று சந்தேகம். உச்சி வெயிலில் அது முன்னங்காலை மடித்துப் படுத்தது. அந்தப் பழைய மாடும் இப்படித்தானே படுத்தது? எழுந்து போய் யாரையாவது கூப்பிடலாம் என்றால், நான் கண்ணை எடுத்த நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்?

பிறகு அதன் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறுவது தெரிந்தது. வாய் பக்கவாட்டில் அசைந்தது. அசைபோட்டது. நான் அழுதேன். பசியில் அழுது களைத்திருந்த என் மகள், நான் அழுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

என் கணவர் வந்ததும் பையில் மிச்சமிருந்ததைக் காட்டினேன். பார்த்த உடனேயே, குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோ என்றார். "மெஷின்ல எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கற காரத்தூள். ஈரக் கை பட்டாலே தோல் உரிஞ்சிடும்." கொஞ்ச நேரம் கழித்து, "நாக்குல வச்சுப் பார்க்கறது என்ன பழக்கம்? இதே வேற ஒரு தூளா இருந்தா ருசியே தெரிஞ்சிருக்காது. அந்தம்மாவும் போயிருப்பாங்க, மாடும் போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பெரிம்மா பிழைத்து வந்தார். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் நாக்கில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை. "எத்தப் போட்டாலும் மண்ணு துன்றாப்பல கீது" என்றார். அன்றிலிருந்து புண்ணாக்கும் தவிடும் நின்றுபோயின. வயலில் தன் கையால் அறுத்த புல், தன் களத்து வைக்கோல், கிணற்றுத் தண்ணீர். அவ்வளவுதான் செவலைக்கு. பால் பாதியானது, அதுவும் நீர்த்துப்போனது. செவலை மறுபடி எலும்பு தேடியது. என் மகளின் தோள்பட்டை என் கையில் மறுபடி குத்தத் தொடங்கியது.

ஆஸ்பத்திரிக்குத் தூள் வந்ததும் டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகும் பொட்டலம் இறவாணத்திலேயே இருந்தது. அடுத்த முறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

"இது சர்க்கார் தூள்மா. நான் என் கையால குடுத்தது. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"அத்தக் குடுத்தவன் என் தம்பி, சார்" என்றார் பெரிம்மா.

தம்பி அந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். அக்கா எத்தனையோ தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் பெரிம்மா என் வீட்டுக்குள் வந்தார். அதற்கு முன் அவர் வாசற்படி தாண்டியதில்லை. உள்ளங்கையில் ஒரு பூவரச இலை. இலையில் அந்தச் சாம்பல் வெள்ளைத் தூள், ஒரு சிட்டிகை.

"நீ பாரு" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியாதது போல, "டாக்டர் குடுத்ததுதானே, பெரிம்மா? முன்னாடி வச்சதேதானே?" என்றேன். அவர் இலையை நீட்டியபடியே நின்றார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நான் ருசி பார்க்காவிட்டால் குழந்தை என்ன குடிக்கும் என்றும் நினைத்தேன். என் கணவர் வரட்டும், அவரைக் கேட்டுக்கொண்டு பார்க்கலாமா என்றும் தோன்றியது. அவர் விடமாட்டார் என்று தெரியும்.

"பயமாக் கீதா?"

"ஆமா பெரிம்மா."

"எனக்கும் ஒவ்வொரு வாட்டியும் பயந்தான். புண்ணாக்குத் துண்ட வாய்ல போடச் சொல்லவே பயந்தான். கண்ண மூடிகினுதான் துன்னுவேன்."

அவர் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் விரலை நனைத்தேன். தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பிறகு சுண்ணாம்பு. பிறகு சாம்பல் மாதிரி ஏதோ. சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆனாலும், "சரி, காலைல பாத்துக்கலாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் கதவைத் திறந்தேன். பெரிம்மா என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ, புடவைத் தலைப்பு பனியில் நனைந்திருந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, செவலைக்குத் தூள் கலக்கப் போனார்.